கடைசி வரியில் ஒரு கூட்டல்

கூட்ட அறையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆய்வுக் குழுவின் தலைவர். அவருக்கு வலப்பக்கம், பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த பதிவாளர் அம்மாள்; எந்த நேரமும் எழுந்து கிளம்பிவிடுபவரைப்போலக் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார். இடப்பக்கம் குறிப்பெழுதும் செயலாளர். அவரை அடுத்து, அதே குழுவில் ஆய்வாளராக இருக்கும் மாப்பிள்ளை. யாருக்கு மாப்பிள்ளை என்றால், கதவோரத்தில் ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூட்டு சாருக்கு. மேசையின் கால்மாட்டில், எல்லோரும் முகத்தைப் பார்க்கும்படியான இடத்தில், எறும்பு.

எறும்பு என்பது ஆய்வகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். ஆள் சிறியவள். தன் முதுகைவிடப் பெரிய மடிக்கணினிப் பையும், அதற்கு மேல் இரண்டு கட்டுத் தாள்களுமாகத் தாழ்வாரத்தில் போவாள். ஆறு வருடம் அப்படிப் போய்த்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். பூட்டு என்பதும் பட்டப்பெயர்தான். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் அங்கே நடக்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கோ தொலைவில் பூமிக்கடியில் ஈய அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்குக் கொஞ்சமே குறைவாக எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மோதிய கணத்தில், அதுவரை கட்டுண்டு கிடந்த குவார்க்குகள் அவிழ்ந்துபோய், சூரியனின் நடுவயிற்றைவிட லட்சம் மடங்கு சூடான திரவமாகக் கொதிக்கும். கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை, ஆறிப்போகும். அந்தத் திரவத்தை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. அதற்குள்ளிருந்து தப்பி வந்தவர்களைப் பிடித்துத்தான் விசாரிக்க வேண்டும். அதில் நம்பகமான சாட்சிகள் கனத்த குவார்க்குகள். சார்ம் என்று ஒன்று, அதைவிடக் கனமாகப் பாட்டம் என்று இன்னொன்று. மோதலின் ஆரம்பத்திலேயே பிறந்து, திரவம் முழுவதையும் நீந்திக் கடந்து, போகிற வழியில் ஆற்றலை இழந்து, வேறொரு துகளுக்குள் ஒளிந்துகொண்டு அவை வெளியே வரும். அந்தத் துகளும் மயிரிழை தூரம் போவதற்குள் உடைந்துவிடும். உடைந்த துண்டுகளின் தடங்களைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்து, அவை மோதிய புள்ளியில் சேராமல் கொஞ்சம் தள்ளிச் சேர்ந்தால், இங்கே ஒரு கனத்த குவார்க் இருந்தது என்று முடிவு கட்டுவார்கள். திரவமே இல்லாதிருந்தால் எத்தனை வந்திருக்கும், உண்மையில் எத்தனை வந்தன என்கிற விகிதம்தான் அந்தக் குழுவுக்கு உயிர். ஒன்று என்றால் ஒன்றும் இழக்கவில்லை. குறையக் குறைய, திரவத்தின் பிடி அவ்வளவு இறுக்கம்.

இந்த வேலையில் பெரிய எதிரி ஆசை. விரும்பிய விடை வந்ததும் சோதிப்பதை நிறுத்திவிடுவது மனித சுபாவம். ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். விடையிலிருந்து ஒரு ரகசிய எண்ணைக் கழித்துத்தான் கணினி காட்டும். முறையெல்லாம் சரி, இனிமேல் ஒரு வரியையும் மாற்ற மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு அந்த மறைப்பு எண்ணைத் திரும்பக் கூட்டி உண்மை விடையைத் திறப்பார்கள். எண் தெரிந்தவர் ஒரே ஓர் ஆள். அதை எழுதிக் கொடுக்கக் கூடாது, மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது. திறக்கிற நாளில் வாயால் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாக அந்த ஆள்தான் பூட்டு சார். பெண்டாட்டியிடம்கூட ஒரு எண்ணைச் சொன்னதில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். "நல்லவேளை சொல்லல. எனக்கு என் ஃபோன் நம்பரே ஞாபகம் இருக்க மாட்டேங்குது" என்பார் அந்த அம்மாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

மூன்று வருடத்துக்கு முன் குழு வெளியிட்ட விடை 0.81. பாட்டம் குவார்க் அந்தத் திரவத்தைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை என்று பொருள். அது துறையில் பெரிய பேச்சாயிற்று. எறும்பின் பட்டமே அந்த ஓர் எண்ணால் வந்தது. போன மாதம் வேறோர் ஆய்வகம், இரண்டு மடங்கு பதிவுகளை வைத்துக்கொண்டு, அதே விகிதத்தை 0.62 என்று அளந்தது. இவர்கள் அலறியடித்துக்கொண்டு எறும்பின் கணினி நிரலை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். கடைசி வரிக்கு முந்தைய வரிவரை 0.62தான் வந்தது. கடைசி வரியில் 0.19 கையால் கூட்டப்பட்டிருந்தது.

"இந்த வரியை யார் எழுதினது?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"மறைப்பு எண் சார். திறக்கிற அன்னைக்குக் கூட்டச் சொன்னாங்க."

"நிரலோட புதுப் பதிப்புல, 'திற'ன்னு சொன்னாலே அது தானாக் கூட்டிக்கும். நீ திறக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பதிப்பு வந்தாச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதான் கேட்டேன். தானாக் கூட்டிக்கும்னு சொன்னாங்களே, மறுபடியும் கூட்டணுமான்னு கேட்டேன். கூட்டுன்னு சொன்னாங்க."

"யாரு?"

எறும்பு கையை நீட்டிக் காட்டவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். "பூட்டு சார்."

"அது எழுத்துல எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார் பதிவாளர்.

"எழுத்துல வைக்கக் கூடாதுங்கறதுதாங்க இங்க விதி" என்றாள் எறும்பு.

செயலாளரின் பேனா நின்றது. தலைவர் கதவோரத்தைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? அந்தப் பொண்ணு உங்ககிட்ட அப்படிக் கேட்டுச்சா? நீங்க கூட்டச் சொன்னீங்களா?"

பூட்டு சாருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரம். உள்ளே நாற்பது பேர் காத்திருந்த சத்தம். முழங்கையில் மடிக்கணினியைத் திறந்தபடியே தாங்கிக்கொண்டு அவள் நின்றது. மறுபடியும் கூட்டணுமா சார் என்று அவள் கேட்டது. தான் சொன்னதும் சொல் மாறாமல் ஞாபகம் இருந்தது: 'கூட்டும்மா. பதினோரு வருஷமா திறக்கறேன், எனக்கே பாடம் எடுக்கறியா?' புதுப் பதிப்புக்கு ஒப்புதல் கொடுத்த தாளில் அவர் கையெழுத்தும் இருந்தது. நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டவர், நடுவில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை.

எதிரே மாப்பிள்ளை தலைகுனிந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மகளுக்கு ஆறாம் மாதம். வாயைத் திறந்தபோது பூட்டு சாருக்கு வேறொன்றுதான் வந்தது.

"ஞாபகம் இல்ல" என்றார்.

செயலாளர் எழுதிக்கொண்டார். எறும்பு அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பழக்கமில்லாத ஓர் எழுத்தைப் படிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

பதிவாளர் எழுந்தார். "திங்கக்கிழமை எங்க பட்டக் குழு கூடுது. விடையை வேணும்னே ஏத்திக் காட்டினதா முடிவானா பட்டம் ரத்து. அது எல்லா எடத்துலயும் பதிவாகும். இதுக்கு மாறா யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா, கையெழுத்துப் போட்ட தாள்ல, சனிக்கிழமைக்குள்ள என் மேசைக்கு வரணும். மின்னஞ்சல் செல்லாது. ஃபோன்ல சொல்றதும் செல்லாது."

அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை பூட்டு சார் தலைவர் அறைக் கதவைத் தட்டினார். தலைவர் தண்ணீர்ப் புட்டியின் மேலுறையை நகத்தால் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். முடிந்ததும் உரித்த காகிதத்தை உருண்டையாக்கினார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு பொய் சொல்ற சாதி இல்ல."

"அப்ப நேத்து ஏன் கேட்டீங்க?"

"நீங்க ஆமான்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டுத்தான் கேட்டேன். நீங்க இல்லன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. ஒளிச்சுப் பேசறதுல என்ன இருக்கு." தலைவர் சன்னலைப் பார்த்தார். "மாணவி ஒருத்தி ஒரு வரி சேர்த்துட்டான்னா, பத்திரிகைக்கு அரைப்பக்கத்துல திருத்தம் எழுதி முடிச்சுடலாம். பூட்டே கோளாறுன்னா? அந்தப் பதிப்பு வந்ததுக்கப்புறம் நீங்க திறந்தது நாலு விடை. நாலும் போச்சு. நாலையும் நம்பி எழுதினவங்க எத்தனை பேரு."

"நான் எழுதறேன்னா நீங்க தடுப்பீங்களா?"

"தடுக்க மாட்டேன். ஆனா யாரு நம்புவா? செவ்வாய்க்கிழமை ஞாபகம் இல்ல, புதன்கிழமை ஞாபகம் வந்துடுச்சா? ஓய்வு பெறப் போற மனுஷன், பொண்ணு மேல பரிதாபப்பட்டுப் பழியைத் தூக்கிச் சுமக்கறார்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. உங்க வேலையும் போகும், அவ பட்டமும் போகும். ஆதாரம் வேணும் சார். வாயால சொன்னதுக்கு எங்க போய் ஆதாரம் தேடுவீங்க? நாம வச்ச விதி அப்படி."

பூட்டு சார் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அவர் மூன்று வருடத்துக்கு முன் நின்ற இடத்தில் இப்போது ஒரு நகலெடுக்கும் இயந்திரம் இருந்தது. யாரோ தாள் சிக்கிக்கொண்டதற்கு அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எறும்பு இப்போது வேலை செய்வது ஊருக்கு வெளியே, குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கும் ஒரு கூடத்தில். பெரிய இரும்புக் குழாய்களை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, பற்றவைத்த இடத்தில் விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பூட்டு சார் இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தார். இருட்டறைக்குள், ஒளிப்பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தில், அவள் ஒரு படச்சுருளை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கதவைச் சாத்துங்க சார். வெளிச்சம் வருது."

சாத்தினார். உட்கார நாற்காலி இல்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா."

"தெரியும் சார்."

"அன்னைக்கு வாய்ல வரல."

"வந்துச்சே. நல்லாத்தானே வந்துச்சு." அவள் படத்தில் ஓரிடத்தை மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டாள். "உங்களுக்கு மன்னிப்பு வேணும்னா நீங்க வேற கடை பாக்கணும் சார். இங்க குழாய் மட்டும்தான்."

வெளியே எங்கோ இரும்பை இரும்பின்மேல் போட்டார்கள்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்றது? எங்க அப்பா தெரு பூரா எம்பொண்ணு டாக்டர்னு சொல்லி வச்சிருக்காரு. எந்த டாக்டர்னு அவருக்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. முட்டிவலிக்கு என்ன மாத்திரைன்னு பக்கத்து வீட்டுச் சித்தி வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் பண்றாங்க." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. "திங்கக்கிழமைக்கு அப்புறம் அந்த ஃபோன் வராது, அது ஒண்ணுதான் லாபம்."

"நான் எழுதப் போறேன்."

அவள் முதல்முறையாகப் படத்தை மேசையில் வைத்தாள்.

"எழுதுறதா இருந்தா ஒழுங்கா எழுதுங்க. வருந்துகிறேன், ஏதோ தவறு நேர்ந்திருக்கலாம்னு பொதுவா எழுதினீங்கன்னா, அதை அவங்க அழகாப் பூசி மெழுகிடுவாங்க. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொன்னீங்க, அந்த எண் என்ன, எத்தனை தடவை கூட்டினது. அதை எழுதுங்க. இன்னொண்ணு சார். எழுதினாலும் நான் திரும்ப அங்க வர மாட்டேன். எனக்காக எழுதறதா நெனச்சுக்கிட்டு எழுதாதீங்க. அப்புறம் நான் வந்து கும்புடு போடணும்னு இருக்கும்."

"ஆதாரம் கேப்பாங்கம்மா."

"என்கிட்ட இருந்தா நான் ஏன் உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் அன்னைக்கு?" அவள் அடுத்த படத்தை எடுத்தாள். "கதவைத் தொறக்கும்போது சீக்கிரமாத் தொறந்து சாத்திடுங்க."

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மகள் உள்ளறையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன, மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்கட்டில் துணி காயும் கொடியடியில் நின்றார்.

"தலைவர் சொன்னார் மாமா. நீங்க எழுதப் போறீங்கன்னு."

"இன்னும் எழுதல மாப்ள."

"வேணாம். உங்களுக்காகச் சொல்லல, எனக்காகச் சொல்றேன். மறைக்காமச் சொல்றேன்." ஈரத் துணி ஒன்றை விலக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தார். குரல் தாழ்ந்தது. "நீங்க எழுதினா எல்லா நிரலையும் தோண்டுவாங்க. என்னோடதுலயும் கடைசி வரில ஒரு கூட்டல் இருக்கு."

பூட்டு சாருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாப்பிள்ளையின் சார்ம் அளவீடு. ஒன்றரை வருடத்துக்கு முன் திறந்தது. அதை வைத்துத்தான் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதற்கப்புறம்தான் குழந்தையைப் பற்றியே யோசித்தார்கள்.

"புள்ளி பூஜ்யம் எட்டு" என்றார் பூட்டு சார். அந்த எண்ணைத் தேடிப் பிடித்து எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ஆமா. நீங்க சொன்னீங்க, நான் கூட்டினேன். எறும்பாவது உங்ககிட்டக் கேட்டா. நான் கேக்கக்கூட இல்ல. மாமா சொல்றாரேன்னு கூட்டிட்டேன்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை. கூட்டத்துக்கு முந்தின நாள். அவ வரியைத் திரையில பார்த்ததும் ஓடிப்போய் என்னோடதைத் தொறந்து பார்த்தேன்."

"அப்ப செவ்வாய்க்கிழமை அந்த அறைல, அவ உண்மையைத்தான் சொல்றான்னு உனக்குத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியும் மாமா."

பூட்டு சார் கொடியில் சரிந்திருந்த ஒரு துண்டை நேராக இழுத்துவிட்டார்.

"அழிச்சுட்டியா?"

"அழிக்க முடியாது. பழைய பதிப்பு எல்லாம் சேமிப்புல அப்படியே கெடக்கும். யாரு, எப்ப, எந்த வரியை மாத்தினாங்கன்னு தேதி நேரத்தோட நிக்கும். தேடினாத்தான் தெரியும். யாரும் தேடலன்னா தெரியாது." மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை. "யாரும் தேட வேணாம் மாமா. ஞாபகம் இல்லன்னு சொல்லியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

பூட்டு சார் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் மனம் அதற்குள் அந்தக் கையை விட்டுவிட்டிருந்தது. முப்பது வருட வேலைப் பழக்கம் அது, நல்லதோ கெட்டதோ. ஒரு சாட்சி போதாது, தொடர்பில்லாத இரண்டாவது சாட்சி வேண்டும் என்று அது தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர், இரண்டு குவார்க், ஒன்றரை வருட இடைவெளி. இரண்டு நிரலின் கடைசி வரியிலும் ஒரே ஆள் சொன்ன கூட்டல். ஒரு மாணவி தன் பட்டத்துக்காகச் செய்த மோசடி என்று இதற்கு மேல் எவனும் சொல்ல முடியாது. தலைவர் கேட்ட ஆதாரம் இதோ கொடியடியில் நின்றுகொண்டு தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாமனாரின் முகத்தில் அதைப் படித்துவிட்டதுபோல மாப்பிள்ளை கையை விட்டார்.

"கிளம்புவோம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இவ்வளவு நேரம் படுத்தே இருந்தா உனக்குத்தான் இடுப்பு வலிக்கும்."

மகள் வாசலில் செருப்பை மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து மாட்டிவிட்டார். "என்னப்பா ரெண்டு பேரும் ஏதோ செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் செருப்பின் வாரை இன்னொரு துளை தள்ளி மாட்டினார், வீக்கத்துக்கு இதமாக.

வெள்ளிக்கிழமை விடிந்து, சன்னல் வழியாக வெயில் மேசையில் விழுந்த பிறகு எழுத உட்கார்ந்தார். மனைவி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் தாளில் தன்னைப் பற்றி மட்டும் எழுதினார். தாழ்வாரம், கேள்வி, பதில், படிக்காமல் போட்ட கையெழுத்து. எழுதி முடித்துப் படித்தார். நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் தலைவர் சொன்ன அந்தப் பரிதாபக்காரக் கிழவன்தான் அதிலிருந்து எட்டிப் பார்த்தான். சாட்சி இல்லாத அறிக்கை. தன் குழுவில் ஒரு மாணவர் இதைக் கொண்டுவந்திருந்தால், இரண்டாவது சோதனை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்.

"இது போதாதா?" என்றார் மனைவி. தாளைத் தன் பக்கம் திருப்பி அவரும் படித்திருந்தார். "உங்க தலையை நீங்களே குடுத்தாச்சு. அந்தப் பொண்ணு கேட்டதை எழுதியாச்சு. அத்தோட விடுங்களேன்."

"இதை வச்சு அவ பட்டம் நிக்காது."

"நிக்கலன்னா உங்க குத்தமா? நீங்க முயற்சி பண்ணிட்டீங்க. மனசாட்சிக்கு இது போதும்."

"என் மனசாட்சி சரியாறதுக்கு எழுதல. அவ பட்டம் நிக்கறதுக்கு எழுதறேன்."

"ஞாபகம் இல்லன்னு சொன்னப்ப எங்க போச்சு இந்த வீராப்பு?"

அவர் தாளை நான்காகக் கிழித்தார். புதிய தாளை எடுத்து, பள்ளியில் பழகிய பழக்கத்தில் இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, எழுதத் தொடங்கினார்.

'மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய். அந்த மாணவி என்னிடம், மறைப்பு எண்ணை மறுபடியும் கூட்ட வேண்டுமா என்று கேட்டார். கூட்டு என்று நான் சொன்னேன். அந்த எண் 0.19. நிரல் அதை ஏற்கெனவே ஒருமுறை கூட்டியிருந்தது. ஆகவே அது இரண்டு முறை கூட்டப்பட்டது. அந்த மாணவி எண்ணை ஏற்றிக் காட்டவில்லை. எண் தெரிந்த ஒரே ஆளான நான் சொன்னதைச் செய்தார்.'

பேனா நின்றது. மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'இதை என் சொல்லை வைத்து நம்ப வேண்டாம். பதினெட்டு மாதங்களுக்கு முன் நான் திறந்த சார்ம் அளவீட்டின் நிரலிலும் கடைசி வரியில் 0.08 கையால் கூட்டப்பட்டிருக்கிறது. அதுவும் நான் சொல்லிக் கூட்டியது. சேமிப்பில் தேதி நேரத்தோடு இருக்கிறது. அந்த நிரலை எழுதிய ஆய்வாளர் என் மகளின் கணவர். இந்த விஷயம் அவருக்கு இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து தெரியும்.'

கடைசி வாக்கியத்தை வைக்கலாமா என்று அவர் வெகுநேரம் யோசித்தார். 'திங்கட்கிழமை' என்பதை விட்டுவிட்டால் மாப்பிள்ளை ஏமாந்தவர் மட்டும்தான், வைத்தால் மறைத்தவர். எழுதிய வாக்கியத்தின் மேல் பேனாவை வைத்தார். மை ஒரு சின்னப் புள்ளியாகக் கசிந்தது. பிறகு, மெதுவாக, அந்த வாக்கியத்தை மட்டும் அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"அவனே சொல்லட்டும்" என்றார்.

"சொல்லவா போறான்?" என்றார் மனைவி. "நீங்க சொன்னீங்களா?"

அவர் கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்தார். உறையின் ஓரத்தில் பசை தடவும்போது மனைவி எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"எம்பொண்ணு குடும்பத்தையும் அதுக்குள்ள மடிச்சு வச்சு ஒட்டுங்க. வெளிய ஒண்ணும் நீட்டிக்கிட்டு இருக்க வேணாம்."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ் போடும் சத்தமும், அதற்குப் பின்னால் ஃபோனில் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. அவர் உறையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், பசை பிடிக்கும்வரை.

அஞ்சலகத்தில் அவருக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். விரைவு அஞ்சல் சன்னலில் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்தாள்.

"உள்ள என்ன சார்?"

"கடுதாசிதாம்மா."

"பொட்டலம் எதுவும் இல்லையே?"

"இல்ல. நாளைக்குப் போய்ச் சேர்ந்துடுமா?"

"பதினொரு மணிக்கெல்லாம் கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்துருவாங்க. இங்க உங்க பேரை எழுதுங்க. பட்டப்பேரெல்லாம் வேணாம், முழுப்பேரு."

அவர் எழுதினார். சட்டைப்பையில் ஃபோன் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தார், மகள். அதிர்ந்து ஓய்ந்தது. உடனே மறுபடி அதிர்ந்தது. சன்னலுக்குள் இருந்த பெண், உறையின் வலது மூலையில் ஒரு பட்டையை ஒட்டி, அதன்மேல் முத்திரையை ஓங்கி ஒருமுறை குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்கில் போட்டாள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, வாசலில் நின்ற வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்.